ஆம்பி யுர்கோனிஸ் கரியடுப்பு வாங்கிய வருடம்

எங்கள் சுரங்க ஊர் மேரிடேலில் ஆம்பி யுர்கோனிஸ் எதையாவது சட்டென்று முடிவு செய்ததாக யாருக்கும் நினைவில்லை. கார் மாற்ற மூன்று வருடம் யோசித்தவர். நான் வேலை பார்க்கிற தபால் ஆபீஸுக்கு வந்தால் அஞ்சல்தலையில் கொடியா பறவையா என்று தேர்ந்தெடுக்கவே வரிசை நின்றுவிடும். முப்பது வருடம் சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டியவர். நூறு மடிப்புத் துணியை ஒன்றாக அடுக்கி ஒரே கத்தியை ஓட்டுகிற வேலை. ஒரு இடத்தில் கை பிசகினால் நூறு சட்டை போச்சு. அதனால்தான் இப்படி ஆகிவிட்டார் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். அது பாதிதான் உண்மை என்று எனக்குத் தெரிய வந்தது 2008-இல்.

அவரும் தங்கை ரெஜினாவும் அப்பா அம்மா விட்டுப்போன வீட்டிலேயே இருந்தார்கள். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரெஜினா அதே தொழிற்சாலையில் காலர் தைத்தவள், என் சிநேகிதி. அவளுக்கு வாய் அதிகம், அவருக்குப் பேச்சே கிடையாது. எப்போதும் குளிர்கிறது என்பாள். ஜூலையில் கூட தோளில் ஸ்வெட்டர் கிடக்கும்.

அந்தக் கோடையில் எண்ணெய் விலை கண்ணுக்குத் தெரியாத உயரத்துக்குப் போனது. வீட்டைச் சூடாக்க நிலத்தடி அறையில் எண்ணெய்க் கொதிகலன் வைத்திருந்தவர்கள் எல்லாரும் மறுபடி கரிக்குத் திரும்பினார்கள். கரி எங்கள் மலையில் இருந்துதான் வருகிறது, பத்து நிமிடம் லாரியில். அப்பாமார்கள் அதைத் தோண்டி நெஞ்சு கெட்டுச் செத்தார்கள், பிள்ளைகள் அதிலிருந்து விலகி எண்ணெய்க்குப் போனார்கள். இப்போது பிள்ளைகளுக்கே தலை நரைத்த பிறகு மறுபடி அதையே தேடினார்கள்.

"ஆம்பி, நாமளும் ஒரு அடுப்பு வாங்குவோம்" என்று ரெஜினா ஜூனில் சொன்னாள்.

"பாப்போம்" என்றார் அவர்.

"உன் பாப்போமுக்குள்ள நான் வெறச்சுப் போயிருவேன். கல்லறையில எழுதி வை, 'பாப்போம்னு சொன்ன அண்ணன் இருந்தான்'னு."

அவர் பார்க்கத்தான் செய்தார். எல்லாருடைய அடுப்பையும். ஜூலை தொடங்கி ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். தேவாலயத்தில் கூட கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் வெளியேறுகிற மனிதர், "உங்க அடுப்பக் கொஞ்சம் பாக்கலாமா?" என்று வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யார் மாட்டேன் என்பார்கள்? உட்கார வைத்து, முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வதக்கிப் போட்டு, தங்கள் அடுப்பைப் பற்றிச் சொன்னார்கள். எங்கள் ஊரில் அடுப்பைப் பற்றிக் கேட்பது பெற்ற பிள்ளையைப் பற்றிக் கேட்கிற மாதிரி. நிறுத்தவே மாட்டார்கள்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் கணவர் ரே தானாக ஊட்டும் அடுப்பு வைத்திருக்கிறார். மேலே அரிசி அளவு பொடிக்கரியைக் கொட்டிவிட்டால் போதும், மோட்டார் தள்ளித் தள்ளி எரிக்கும்.

"ரெண்டு நாள் திரும்பியே பாக்க வேண்டாம், ஆம்பி. தெர்மோஸ்டாட் வேற" என்றார் ரே.

"கரண்ட் போனா?"

"போனா அணைஞ்சிரும். அப்ப ரெஜினாவ ஊதச் சொல்லுங்க, வாய்தான் இருக்கே."

ஆம்பி சிரிக்கவில்லை. குனிந்து குழாயைப் பார்த்தார். "குழாயில தகடு இருக்கா? திருப்பி மூடற தகடு?"

"இதுக்கு எதுக்கு? இல்ல."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் மற்ற வீட்டுக்காரர்களும் தபால் எடுக்க வந்தபோது பேச்சு வந்தது. எல்லாரிடமும் அவர் கேட்டது அந்த ஒரே கேள்விதான். எவ்வளவு கரி தின்னும், எத்தனை அறை சூடாகும், சாம்பல் எவ்வளவு என்றெல்லாம் மற்றவர்கள் தாங்களாகச் சொன்னார்கள். அவர் கேட்டது குழாயில் தகடு உண்டா என்று மட்டும். பழைய அடுப்புகளில் புகைக்குழாய்க்குள் வட்டமாக ஒரு தகடு இருக்கும், வெளியே அதைத் திருப்ப ஒரு பிடி. கொஞ்சம் மூடினால் நெருப்பு மெதுவாக எரிந்து கரி மிச்சமாகும். முழுக்க மூடினால் நச்சு வாயு வெளியேற வழியில்லாமல் வீட்டுக்குள் திரும்பும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது.

ஆகஸ்ட் கடைசியில் மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் அடுப்புக் கடை வைத்திருக்கும் கார்ல் ஹெப்லரிடம் போனார்கள். நானும் கூடப் போனேன், ரெஜினா இழுத்துக்கொண்டு போனாள். ஹெப்லர் அளந்து பேசுகிற ஆள். கடையில் பெரிய அடுப்பு ஒன்று நிக்கல் பூச்சோடு பளபளவென்று நின்றது. ரெஜினா அதைக் கட்டிப்பிடிக்காத குறை.

"அது உங்க வீட்டுக்குப் பெருசு" என்றார் ஹெப்லர்.

"எனக்குக் குளிர் ஜாஸ்தி."

"பெரிய அடுப்ப வாங்கி சூடு தாங்காம அடக்கி அடக்கி எரிப்பீங்க. அடக்கி எரிக்கறதுலதான் வம்பு. சின்னத வாங்கி நல்லா எரிய விடுங்க."

ஆம்பி அந்த ஆளை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "தகடு?" என்றார்.

ஹெப்லர் ஒரு சின்ன அடுப்பிடம் கூட்டிக்கொண்டு போனார். கையால் கரி போடுகிற வகை, கறுப்பு, அலங்காரம் ஒன்றுமில்லை. அதன் பின்குழாயில் டப்பா மூடி மாதிரி ஒரு வட்டக் கதவு தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தட்டினார், ஆடியது.

"பிடி கிடையாது. புகைபோக்கியோட இழுப்பு அதிகமானா இந்தக் கதவு தானா திறந்து அறைக் காத்த உள்ள விடும். குறைஞ்சா தானா சாத்திக்கும். அப்பவும் புகை போற வழி திறந்தேதான் இருக்கும். நீங்க மறந்தாலும், தூக்கத்துல இருந்தாலும், கையால மூட இதுல ஒண்ணுமே இல்ல."

"இதுதான்" என்றார் ஆம்பி. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. ரெஜினா என்னைப் பார்த்தாள். "இந்தாளுக்கு என்ன வந்துச்சு?" என்று வாயசைத்தாள்.

அந்த வருடம் அடுப்புக்கு அப்படி ஒரு தட்டுப்பாடு. வந்து சேர அக்டோபர் பாதி ஆகிவிட்டது. இதற்கிடையில் எங்கே வைப்பது என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை. நிலத்தடி அறையில் வைத்தால் சாம்பல் தூசி மேலே வராது என்றார் அவர். "நான் என்ன உருளைக்கிழங்கா, கீழ போய் இருக்க? சமையலறையில வை. என் நாற்காலி பக்கத்துல" என்றாள் அவள். சமையலறைக்கென்று தனிப் புகைபோக்கி ஒன்று ஐம்பது வருடமாகச் சும்மா நின்றது. அதைத் திறக்கலாம் என்று முடிவானது.

அந்தச் சனிக்கிழமை நான் ஆப்பிள் கேக் செய்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஹெப்லர் காலையிலேயே கூரை மேல் ஏறி, உச்சியிலிருந்து துருப்பிடிக்காத எஃகுக் குழாயைப் புகைபோக்கிக்குள் இறக்கினார். பிறகு உள்ளே வந்து அடுப்பு நிற்கப்போகும் இடத்தில் செங்கல் பலகை பரப்பினார். சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று அளந்து தரையில் கோடு போட்டார். பழைய அடுப்பின் குழாய் சுவருக்குள் போன துளை சிமென்ட் பூசி அடைபட்டிருந்தது. உளியை வைத்து இரண்டு தட்டு தட்டினார். சிமென்ட் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. மேல் வர்ணம் உதிர்ந்த இடத்தில் விரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. கொத்தனார் கரண்டி இல்லாமல் யாரோ கையால் அப்பியிருக்கிறார்கள்.

"அம்மா" என்றாள் ரெஜினா. பாளத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஹெப்லர் வளைவுக்குழாய் எடுக்க வண்டிக்குப் போயிருந்தார்.

ரெஜினா என் பக்கம் திரும்பினாள். "உனக்குச் சொல்லியிருக்கேனே டோலி, எனக்கு எட்டு வயசுல அடுப்பு வாயு தாக்கி ஆஸ்பத்திரியில கெடந்தது. அம்மா தூக்கக் கலக்கத்துல தகட்ட முழுக்க மூடிட்டா. அதோட அடுப்பத் தொடவே மாட்டேன்னுட்டா. முதல்ல தகட்ட மூடினா, அப்புறம் செவத்தையே மூடிட்டா."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்த வீட்டில் அது பழைய வேடிக்கை. அவர்களுடைய சித்தி சோஃபி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவும் விருந்து மேசையில், "பெட்ரோனெல்லாவ அடுப்புப் பக்கம் விடாதீங்க, நம்ம எல்லாரையும் சொர்க்கத்துக்கு அனுப்பிருவா" என்பாளாம். எல்லாரும் சிரிப்பார்கள். அம்மா பெட்ரோனெல்லாவும் சிரிப்பாளாம். 1989-இல் அவள் சாகும் வரை அது நடந்தது.

"அம்மா இல்ல" என்றார் ஆம்பி.

அவர் மேசைப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"என்ன இல்ல?"

"மூடினது அம்மா இல்ல. நான்."

ரெஜினாவின் கையிலிருந்த பாளம் அப்படியே நின்றது.

அவர் சொன்னார். நின்றபடியே, சுவரில் திறந்த துளையைப் பார்த்துக்கொண்டு. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவுக்குச் சுரங்கத்தில் இரவு வேலை. வீட்டுக்குக் கரி குறைந்தால் விடியுமுன் எழுந்து சுரங்கக் கழிவு மேட்டுக்குப் போய்ப் பொறுக்கி வருவது ஆம்பியின் வேலை. பனியில், வாளியோடு, பள்ளிக்கூடத்துக்கு முன்னால். அன்று வாளியில் கொஞ்சம்தான் கரி மிச்சமிருந்தது. நெருப்பு மெதுவாக எரிந்தால் அதிலேயே ஓடிவிடும், காலையில் போக வேண்டாம். அம்மா படுத்த பிறகு இறங்கி வந்து தகட்டைத் திருப்பினார். எவ்வளவு என்று தெரியவில்லை. முழுக்கத் திருப்பிவிட்டார்.

"அப்பா காலையில வந்து நம்மள ஒவ்வொருத்தரா இழுத்துப் பனியில போட்டாரு. உனக்கு மூச்சே இல்ல. அம்மா உன்ன மடியில போட்டுக்கிட்டு, 'நான்தான் மூடிட்டேன் போல, நான்தான்'னு கத்துனா. நான் சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள ஆஸ்பத்திரி வண்டி வந்துருச்சு."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் சொல்லல."

"அம்மா இன்னும் முப்பத்தொரு வருஷம் உயிரோட இருந்தா, ஆம்பி."

"தெரியும்."

"உனக்காக இல்ல, எனக்காக இல்ல, அவளுக்காக ஒரு நாள் சொல்லியிருக்கலாமே! கடைசியில ஆஸ்பத்திரியில அவ கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்தியே, அப்ப?"

ஹெப்லர் குழாயோடு உள்ளே வந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மறுபடி வண்டிக்குப் போனார். ரெஜினா பாளத்தை மேசையில் வைத்தாள். ஸ்வெட்டரையும் கைப்பையையும் எடுத்தாள். "உன் வீட்டுல இடம் இருக்கா டோலி?" என்றாள்.

எங்கள் வீட்டில் ஒன்பது நாள் இருந்தாள். வாயாடிப் பெண் வாயே திறக்கவில்லை. ரே பயந்துபோய் வீட்டில் மெதுவாக நடந்தார். மூன்றாம் நாள்தான் பேசினாள், பாத்திரம் கழுவிக்கொண்டே. "எனக்கு வாயு தாக்கினதுக்குக் கோவம் இல்ல. பன்னெண்டு வயசுப் பையன், குளிருல போக சோம்பேறித்தனம், யாருக்குத்தான் இல்ல? ஆனா அந்த மேசையில வருஷா வருஷம் எல்லாரும் சிரிச்சப்ப அவனும் உக்காந்திருந்தான். ரொட்டியப் பிச்சுத் தின்னுக்கிட்டு."

பிறகு ஒன்பதாம் நாள் காலையில் சொன்னாள். "அவன்கிட்டப் போய்ச் சொல்லு. அம்மாகிட்டச் சொல்ல முடியாது. சோஃபி சித்தி இருக்கா. அவகிட்டப் போய்ச் சொல்லட்டும்."

நான் சொன்னேன். ஆம்பி யோசிக்கவே இல்லை. "இன்னிக்கு மத்தியானம் கூட்டிட்டுப் போறியா டோலி? தனியாப் போனா பாதி வழியில திரும்பிருவேன்" என்றார்.

சோஃபி முதியோர் இல்லத்தில் இருந்தாள். எண்பத்தெட்டு வயது. காது மந்தம், புத்தி கத்தி. போர்த்தியிருந்த கம்பளியைச் சரிசெய்துகொண்டு, "யாரு, ஆம்பியா? எவ செத்தா?" என்று கேட்டாள்.

"யாரும் சாகல சித்தி."

"பின்ன எதுக்கு வாரநாள்ல வந்த?"

அவர் அவள் காதருகே குனிந்து சொன்னார். காது கேட்காததால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் முறை அறையிலிருந்த மற்ற கிழவிகளுக்கும் கேட்டிருக்கும். சோஃபி முகத்தில் ஒன்றும் அசையவில்லை. நான் அவள் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"உங்கம்மா மாதிரி அடுப்பு மூட்ட அந்தத் தெருவுலயே ஆள் கெடையாது" என்றாள். "ஒரு காகிதம், ரெண்டு குச்சி. அவ்வளவுதான். மேல கொஞ்சமாத்தான் கரியப் போடுவா. பத்துனப்புறம் இன்னும் கொஞ்சம். ஒரு மூலைய எப்பவும் செவப்பா விட்டு வெப்பா, அதுலதான் வாயு பத்தி எரியும்பா. நான் கல்யாணமாகிப் போனப்ப அவதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தா. அவ தகட்ட மறந்திருக்க மாட்டான்னு எனக்குத் தெரியும்டா. தெரிஞ்சேதான் சொன்னேன்."

"ஏன் சித்தி?"

"அவ எல்லாத்துலயும் கெட்டிக்காரி. ஒரே ஒரு விஷயத்துலதான் சிரிக்க முடிஞ்சுது. சிரிச்சேன்." கம்பளியின் நூலைப் பிய்த்தாள். "முப்பது வருஷம். நீ ஒண்ணும் சொல்லாம இருந்த, நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். யாரு மோசம்னு சாமியாரக் கேட்டாத்தான் தெரியும். போ, இப்பப் போ. எனக்கு அழுவணும், நீ இருந்தா வராது."

திரும்பும் வழியில் ஆம்பி வண்டிக் கதவில் சாய்ந்தபடியே வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "ஒரு மூலைய செவப்பா விடணுமாம். எனக்குத் தெரியல. நான் ரெண்டு தடவ மூட்டிப் பாத்தேன், அணைஞ்சுபோச்சு" என்றார்.

அடுப்பு பொருத்தி முடிந்து ஒரு வாரமாகியிருந்தது. எங்கள் மலைக் கரி கல் மாதிரி, லேசில் பற்றாது. பற்றும் வரை பொறுமை வேண்டும், மேலிருந்து கிளறினால் செத்துவிடும். முதல் தடவை அவர் ஒரு வாளிக் கரியை ஒரேயடியாகக் கொட்டி விறகு நெருப்பை மூச்சுத்திணற வைத்திருக்கிறார். இரண்டாம் தடவை பயத்தில் நிமிடத்துக்கு ஒரு முறை கிளறியே அணைத்திருக்கிறார். எண்ணெய்க் கொதிகலனில் சொட்டு எண்ணெய் இல்லை. அந்த வாரம் உறைபனி தொடங்கிவிட்டது.

சித்தி சொன்னதை நான் ரெஜினாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து மாடிக்குப் போனாள். மறுநாள் காலை பையோடு இறங்கி வந்தாள்.

"போறியா?"

"அவன் அங்க வெறச்சுக் கெடக்கான். செத்துத் தொலச்சா யார் மேல கோவப்படறது?"

நானும் கூட நடந்தேன். சமையலறையில் ஆம்பி கோட்டும் தொப்பியும் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவரில் ஒன்று, படிக்கட்டில் ஒன்று, ரெஜினாவின் அறை வாசலில் ஒன்று என்று மூன்று வாயு அலாரம் மாட்டியிருந்தார். ரெஜினா அவரைப் பார்க்கவில்லை. அடுப்புக் கதவைத் திறந்தாள், உள்ளே கிடந்த எரியாத கரியை வாளியில் வாரினாள்.

"காகிதம் குடு" என்றாள்.

கொடுத்தார்.

"விறகு."

கொடுத்தார். விறகு நன்றாகப் பிடித்த பிறகு ஒரு கை அள்ளிக் கரியைத் தூவினாள். கீழ்க்கதவைத் திறந்து வைத்தாள். அவர் கிளறும் கம்பியை எடுக்கப் போனபோது, "கைய எடு" என்றாள். மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேலிருக்கும். கரி மேல் நீலச் சுடர்கள் சின்னதாக எழுந்து நடந்தன. இன்னொரு அடுக்கு போட்டாள், ஒரு மூலையை மட்டும் மூடாமல். குழாயிலிருந்த கதவு தானாகத் திறந்தது, சாத்தியது. ஒவ்வொரு முறை அது அசையும்போதும் ஆம்பி திடுக்கிட்டார். மத்தியானத்துக்குள் நான் கோட்டைக் கழற்றிவிட்டேன். ரெஜினா ஸ்வெட்டரைக் கழற்றவில்லை, ஆனால் பொத்தானை அவிழ்த்தாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு சித்தியை இல்லத்திலிருந்து அழைத்து வந்தார்கள். மேசையில் இருபது பேர் இருந்தார்கள். சோஃபி ஸ்பூனால் கிண்ணத்தைத் தட்டி, "பெட்ரோனெல்லா அந்தத் தகட்டத் தொடவே இல்ல. நான் பொய் சொன்னேன்" என்றாள். வேறு விளக்கம் சொல்லவில்லை. சின்னவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆம்பி எழுந்து நின்று மீதியைச் சொன்னார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. யாரும் திட்டவில்லை. ஒரு மச்சான் மட்டும் மீனைத் தள்ளி வைத்துவிட்டு வெளியே சிகரெட் பிடிக்கப் போனான். சோஃபி பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தாள்.

அவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். காலையில் அடுப்பின் அடிக்கம்பியை ஆட்டிச் சாம்பலை உதிர்த்து வெளியே கொண்டுபோவது ஆம்பி. படுக்குமுன் கரி போடுவது ரெஜினா. அதை அவரிடம் விடவே மாட்டாள். முதல் மாதம் அவர்களுக்குள் பேச்சென்றால் அடுப்பைப் பற்றித்தான். "ஆட்டினியா?" "ஆட்டினேன்." "வாளி நெறஞ்சிருச்சு." "பாத்தேன்." பிறகு மெல்ல மற்றதும் வந்தது, அவளுடைய கிண்டலும் திரும்பியது.

மன்னித்துவிட்டாயா என்று ஒரு முறை கேட்டேன். அடுப்புக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து ஆப்பிள் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பெரும்பாலான நாள் ஞாபகமே வர்றதில்ல" என்றாள். "சில நாள் காலையில எழுந்திருக்கும்போதே வந்துரும். அன்னையர் தினத்தன்னிக்கு நிச்சயமா வரும். அன்னிக்கு அவனே தெரிஞ்சுக்கிட்டு, பேப்பரத் தூக்கிக்கிட்டுப் போய் கார்ல உக்காந்துக்கிறான். மத்தியானம் நான் தட்டுல சாப்பாடு போட்டு ஜன்னல் வழியா நீட்டிடுவேன்."

"அங்கயேவா சாப்பிடறாரு?"

"பின்ன? மே மாசம் டோலி, வெயில் நல்லாத்தான் இருக்கும்" என்றாள் ரெஜினா.